கழுத்துக் கட்டி எந்த நரம்பில் முளைத்தது?

கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களைச் சுருக்கியும் சற்று மாற்றியும் தருகிறேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுவது அவர் தொழில். விடியற்காலை மூன்றரை மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிவரை கூடைக்குக் கூடை விலை கூவ வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் முடிவெட்டப் போன இடத்தில், இடது தாடைக்குக் கீழே கட்டி இருப்பதைச் சலூன்காரர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். வலி இல்லை. நெறிக்கட்டி என்று நினைத்து உள்ளூர் மருத்துவர் இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார். கரையவில்லை. காசநோயோ என்று சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள்; ஒன்றும் இல்லை. அப்புறம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 4 சென்டிமீட்டர் என்று அளவு வந்தது. ஊசியால் உறிஞ்சிப் பார்த்த டெஸ்டில், ஊசி இறங்கியதும் சுள்ளென்று மின்சாரம் பாய்ந்தது போல இருந்ததாம். ‘நரம்பு உறையிலிருந்து வரும் கட்டி, ஷ்வானோமாவாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட் வந்தது.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர், “சாதாரணக் கட்டிதான், சி.டி. ஸ்கேன் போதும், அடுத்த வாரமே எடுத்துவிடலாம்” என்றார். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்தவர், “எந்த நரம்பில் இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்காமல் நான் தொடமாட்டேன், குரல் போக வாய்ப்பிருக்கிறது” என்றார். கட்டியை அழுத்தினால் இருமல் வருகிறது என்றும் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. கட்டி இன்னதென்று தெரிந்த பிறகு இன்னொரு ஸ்கேன் எதற்கு, கமிஷனுக்காகவா? எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் குரல் நிச்சயம் தப்பிக்குமா? கத்தி பட்டால் புற்றுநோயாக மாறிவிடும், பச்சிலைப் பற்று போட்டுக் கரைக்கலாம் என்கிறார் மச்சான். அறுவை சிகிச்சை செய்யாமலே விட்டுவிட்டால் என்ன? விபத்தில் உடைந்த காலில் ஸ்டீல் பிளேட் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, கதிர்வீச்சு கெடுதல் இல்லையா?

தலை, கழுத்து அறுவை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கட்டியை அழுத்தினால் இருமல் வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்பு, தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உணர்ச்சியைத் தருகிறது. அந்த நரம்பில் கட்டி இருந்தால், வெளியிலிருந்து அழுத்தும்போது தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்டதாக மூளை நினைத்து இருமலைக் கிளப்பும். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் கட்டி வேகஸில் இருக்கலாம் என்பதற்கு அது நல்ல துப்பு. குரல்நாண்களை அசைக்கிற நரம்பும் அதே வேகஸின் கிளைதான். ஆகவே உங்கள் தொழிலை நினைத்து நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இருமல் விஷயத்தை இரண்டு மருத்துவர்களிடமும் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. அவசியம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக இனி அழுத்திப் பார்க்க வேண்டாம். ரத்த அழுத்தத்தை உணரும் ஓர் இடம் கழுத்தில் அங்கேதான் இருக்கிறது; அமுக்கினால் சிலருக்குத் தலைசுற்றி மயக்கமே வரும்.

கட்டி தெரியும், எந்த நரம்பு என்று தெரியாது

இன்னொரு ஸ்கேன் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கயிறோடு புழங்கும் ஊர்க்காரர் என்பதால் இது எளிதாகப் புரியும். நரம்பு என்பது ஒற்றைக் கம்பி இல்லை. பல புரிகள் சேர்ந்த கயிறு. ஒவ்வோர் இழையையும் சுற்றி உறைபோலப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு ஷ்வான் செல்கள் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வானின் பெயரால் வந்தது. அந்தச் செல்களில் ஒன்று அளவுமீறிப் பெருகினால் ஷ்வானோமா. அது பெரும்பாலும் ஒரே ஒரு புரியில் முளைத்து உருண்டையாக வளரும். கயிற்றின் மற்ற புரிகள் அறுந்துபோவதில்லை. விலகி, நசுங்கி, கட்டியின் மேல் மெல்லிய தோல்போலப் படர்ந்து, வேலையையும் செய்துகொண்டிருக்கும். நான்கு சென்டிமீட்டர் கட்டியோடு நீங்கள் இன்றும் ஏலம் கூவுவது அதனால்தான்.

ஊசி டெஸ்ட் என்ன சொன்னது? கட்டி எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று சொன்னது. எந்தக் கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. வேகஸில் முளைத்தாலும் நாக்கு நரம்பில் முளைத்தாலும் நுண்ணோக்கியில் ஷ்வானோமா ஒரே மாதிரிதான் தெரியும். அறுவையில் நீங்கள் எதை இழக்க நேரலாம் என்பதோ முழுக்க அந்தக் கயிற்றைப் பொறுத்தது. ஆகவே இரண்டாவது மருத்துவர் எம்.ஆர்.ஐ. கேட்டதில் நான் தவறு காணவில்லை. உங்களைப் பரிசோதித்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். கமிஷன் சந்தேகம் இருந்தால், சீட்டை வாங்கிக்கொண்டு உங்களுக்கு வசதியான இடத்தில் எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. குறைந்த கட்டணத்தில் எடுக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே காட்டி விசாரியுங்கள்.

முதல் மருத்துவரையும் குறை சொல்லிவிட முடியாது. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யிலும் ரத்தக்குழாய்கள் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் உள்ளமைப்பு, ஓரங்கள், அதன் மேலும் கீழும் வால்போலத் தொடரும் நரம்பு இவையெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதுதான் வித்தியாசம். குரலை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தத் தெளிவு முக்கியம்.

படத்தில் நாங்கள் எதைப் பார்க்கிறோம்

ரிப்போர்ட்டைப் படிப்பதோடு நிறுத்தாமல், படத்தையே காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது.

கழுத்தைக் குறுக்கே வாழைத்தண்டு வில்லைபோல நறுக்கினால் எப்படியோ, எம்.ஆர்.ஐ. படம் அப்படி அடுக்கடுக்காக இருக்கும். முதலில் நோயில்லாத வலது பக்கத்தைப் பாருங்கள். தொண்டைக்குப் பக்கத்தில், அருகருகே இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஓடுகிற ரத்தம் பல எம்.ஆர்.ஐ. படங்களில் கறுப்பாகத்தான் விழும். உள்பக்கம் இருப்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. வெளிப்பக்கம் இருப்பது மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலர் சிரை. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, வேகஸ் நரம்பு ஒரே உறைக்குள் அவற்றோடு சேர்ந்து போகிறது. அந்த உறைக்கு வெளியே, பின்னால், முதுகெலும்பை ஒட்டி இன்னொரு நரம்பு இருக்கிறது. வியர்வை, கண்மணியின் அளவு போன்றவற்றைக் கவனிக்கும் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி அது.

இப்போது இடது பக்கம் வாருங்கள். கட்டி ஒருவகைப் படத்தில் வெள்ளையாக, முட்டைபோலத் தெரியும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த முட்டை இரண்டு கறுப்பு வட்டங்களையும் பிரித்திருக்கிறதா, சேர்த்துத் தள்ளியிருக்கிறதா? நடுவில் நுழைந்து தமனியை ஒரு பக்கமும் சிரையை மறுபக்கமும் விலக்கியிருந்தால், நடுவில் இருந்த வேகஸில்தான் அது முளைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒட்டியபடியே முன்பக்கம் தள்ளப்பட்டிருந்தால், கட்டி பின்னாலிருந்து வந்திருக்கிறது. சிம்பதெடிக் சங்கிலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானைச் சேர்ந்த ஃபுருகவா குழுவினர் 1996-இல் இந்த வித்தியாசத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். இன்றைக்கும் கழுத்து ஷ்வானோமா படத்தைக் கையில் எடுத்தால் எங்கள் கண் முதலில் போவது அந்த இரண்டு வட்டங்களைத் தேடித்தான். கழுத்தின் பக்கவாட்டில், தசைகளுக்கு நடுவில் இருந்து முதுகெலும்பை நோக்கி வால் போனால், கைக்குப் போகும் நரம்புக் கற்றையைச் சந்தேகிப்போம்.

படம் இன்னொரு வேலையையும் செய்கிறது. அதையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில் பாராகாங்லியோமா என்று ஒரு கட்டி வரும். அது முழுக்க ரத்தக்குழாய் நிறைந்தது. வெளியே தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அதற்குள் சிறுசிறு கறுப்புப் புள்ளிகள், உப்பும் மிளகும் கலந்து தூவியது போலத் தெரியும். அது தெரியாமல் திறந்தால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது பெரும் பாடு. உங்கள் ஊசி டெஸ்ட் ஷ்வானோமாவைச் சொல்கிறது என்றாலும், ஊசி டெஸ்ட் தவறிப்போவது உண்டு. படத்திலும் உறுதி செய்துகொண்டால் நிம்மதி.

படம் எவ்வளவு நம்பகமானது?

நிறையச் சொல்லும். எல்லாவற்றையும் சொல்லாது. கட்டி பெரிதாகிவிட்டால் சுற்றியிருப்பதெல்லாம் தாறுமாறாகத் தள்ளப்பட்டிருக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதிக்கு அருகே போய்விட்டால், நான்கு நரம்புகளும் இரண்டு ரத்தக்குழாய்களும் ஒரு குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் எது எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம். சிம்பதெடிக் சங்கிலியில் முளைத்த கட்டியே சில சமயம் கரோட்டிட் கவட்டையை விரித்து, பாராகாங்லியோமா போல ஏமாற்றும். நரம்புகளையே தனியாகத் துலக்கிக் காட்டும் எம்.ஆர்.ஐ. நியூரோகிராஃபி போன்ற நுட்பங்களும் வந்திருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அது கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் சாதாரண எம்.ஆர்.ஐ.யை நிதானமாகப் படித்தாலே பெரும்பாலும் போதும். ஸ்கேன் சீட்டில் ‘கழுத்து எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால், ‘எந்த நரம்பிலிருந்து, ரத்தக்குழாய்கள் எப்படி விலகியிருக்கின்றன’ என்ற கேள்வியையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால்தான் படிப்பவரும் அதைத் தேடிப் பதில் எழுதுவார்.

ஆக, எம்.ஆர்.ஐ. எடுத்தால் குரல் நிச்சயம் தப்பிக்குமா என்றால், இல்லை. படம் நரம்பைக் காப்பாற்றாது. என்ன ஆபத்து காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லும். அதை வைத்து அறுவையே வேண்டுமா, எப்போது, யாரிடம், எந்த முறையில் என்று முடிவெடுக்கிறோம். குரலுக்கு நன்மை வருவது அந்த முடிவிலிருந்துதான்.

எந்த நரம்பானால் என்ன ஆகும்

வேகஸ் என்றால் அந்தப் பக்கத்துக் குரல்நாண் அசையாமல் போகலாம். குரல் கரகரத்து, காற்று கலந்து வரும். உரக்கக் கூப்பிட முடியாது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். கட்டியை உறைக்குள்ளிருந்து கவனமாக எடுத்தாலும் சில வாரம், சில மாதம் குரல் கம்முவது சகஜம். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை.

சிம்பதெடிக் சங்கிலி என்றால் குரலுக்கு ஆபத்து குறைவு. ஒரு கண்ணின் மேலிமை லேசாகத் தொங்கும், அந்தக் கண்மணி சுருங்கும், முகத்தில் அந்தப் பாதி வியர்க்காது. 1869-இல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவர் பெயரால் ஹார்னர் கூட்டறிகுறி என்பார்கள். பார்வை போவதில்லை. இன்னொரு விநோதமான தொல்லை வரலாம்: ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் காதுக்குக் கீழே சுரீரென்று வலிக்கும், அடுத்த கவளத்தில் குறைந்துவிடும். இது காலப்போக்கில் பலருக்குத் தணியும். நாக்கு நரம்பு என்றால் நாக்கு ஒரு பக்கம் கோணும். கை நரம்புக் கற்றை என்றால் தோள், கையில் பலவீனமோ மரத்துப்போவதோ வரலாம்.

அறுவை சிகிச்சையா, காத்திருப்பதா?

மச்சான் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். கத்தி பட்டால் புற்றுநோயாகும் என்ற நம்பிக்கை சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் புற்றுநோய் முற்றிய பிறகே மக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அறுவைக்குப் பிறகும் நோய் வளர்ந்தது. பார்த்தவர்கள் கத்தியின் மேல் பழியைப் போட்டார்கள். தனியாக ஒன்றே ஒன்று வரும் ஷ்வானோமா புற்றுநோயாவது மிக மிக அபூர்வம். கத்தி அதை அப்படி மாற்றவும் மாற்றாது. பச்சிலைப் பற்று அந்த ஆழத்துக்குப் போகாது. மேல்தோல் புண்ணாகி, பின்னால் அறுவைக்கு இடைஞ்சலாகும். சூடு போடச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

ஆனால் மச்சானின் கேள்வியில் பாதி சரி. விட்டுவிட்டால் என்ன என்பது மருத்துவர்களும் யோசிக்கிற கேள்விதான். கழுத்து ஷ்வானோமாக்கள் மெதுவாக வளர்பவை; பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். படம் வேகஸைக் காட்டி, உங்களுக்கு வேறு தொல்லை இல்லாவிட்டால், ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று கண்காணிப்பது மரியாதையான சிகிச்சை வழி. கைகழுவிவிடுவதாக அதை நினைக்க வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வயது 43. கட்டி வளர்ந்துகொண்டே போனால் பத்து வருடம் கழித்து அதே அறுவை இன்னும் சிக்கலாக இருக்கும். மேலே மண்டையோட்டை நோக்கிப் போய்விட்டால் இன்னும் மோசம். இந்தத் தராசில் எடை போட வேண்டியவர் நீங்கள். எடைக்கல்லை நாங்கள் தர முடியும்.

கட்டி வேகமாகப் பெருத்தால், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால், குரல் தானாகவே மாறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், கையோ நாக்கோ பலவீனமானால் காத்திருக்கக் கூடாது. உடம்பில் வேறு கட்டிகள், தோலில் காப்பி நிறத் திட்டுகள், காது மந்தம், குடும்பத்தில் யாருக்காவது இதே மாதிரி என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் நரம்புக் கட்டி நோய்கள் இருக்கின்றன. அப்படியென்றால் அணுகுமுறையே வேறு.

அறுவைதான் என்று முடிவானால், முறையைக் கேளுங்கள். கட்டியை நரம்போடு சேர்த்து வெட்டி எடுப்பது ஒரு வழி. அதில் நரம்பின் வேலை அநேகமாக அன்றோடு முடிந்தது. இன்னொன்று, மேலே படர்ந்திருக்கும் புரிகளை விலக்கி, புரி இல்லாத இடத்தில் உறையை நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் எடுப்பது. நுங்கை ஓட்டுக்குச் சேதமில்லாமல் கட்டைவிரலால் நோண்டி எடுப்பது போல. புற்றுநோய் அல்லாத கட்டிக்கு, அதுவும் உங்களைப் போன்றவருக்கு, இரண்டாவது வழியைத்தான் நான் விரும்புவேன். புரி இல்லாத இடம் எது என்று கண்டுபிடிக்க நரம்புக் கண்காணிப்புக் கருவி உதவும். தொண்டைக்குள் போடும் மயக்க மருந்துக் குழாயிலேயே உணரிகள் இருக்கும்; மெல்லிய மின்தூண்டலால் ஒரு புரியைத் தொட்டால் குரல்நாண் அசைவதை அது ஒலியாகச் சொல்லும். கருவி மட்டும் இருந்தால் போதாது. தசைகளை நீண்ட நேரம் தளரவைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் குரல்நாண் அசையவே அசையாது, கருவியும் ஊமையாகிவிடும். மயக்க மருத்துவருக்கு முன்பே தகவல் போக வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இது பேசப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் கம்மிவிட்டால் வழி அடைபடவில்லை. பேச்சுப் பயிற்சி, அசையாத குரல்நாணை ஊசி மருந்தால் தற்காலிகமாகப் பருமனாக்குவது, ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970-களில் வகுத்த தைரோபிளாஸ்டி அறுவை ஆகியவை இருக்கின்றன. பேச்சுக் குரல் பெருமளவு திரும்பும். துறைமுகம் முழுக்கக் கேட்கும் கூவல் முழுசாகத் திரும்பும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு முன்

ஏற்கெனவே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று கலங்கியிருக்கிறீர்கள். அது உங்களைக் கட்டிப்போடாது. அறுவை தொடங்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். என்ன சிகிச்சை, என்ன நன்மை, என்ன ஆபத்து, மாற்று வழி என்ன என்று போதிய அளவு விளக்கிப் பெற்றால்தான் அது சம்மதம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. சண்டைபோடாமல் எழுத்தில் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஏதும் எடுத்திருந்தால் அதன் படங்கள் பதிந்த தட்டு, ஊசி டெஸ்டின் ஸ்லைடு இரண்டையும் வாங்கிவிடுங்கள். ஸ்லைடை இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவர் பார்த்தாலே பல சந்தேகம் தீரும்.

அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது இவற்றைக் கேளுங்கள்:

இந்தப் படத்தை வைத்து எந்த நரம்பு என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதியாக?
உள்ளே போனபிறகு வேறு நரம்பு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?
கட்டியை மட்டும் எடுக்க முடியாவிட்டால், நரம்பை வெட்டுவீர்களா, கொஞ்சம் கட்டியை விட்டுவைப்பீர்களா? நான் எதை விரும்புகிறேன் என்று படிவத்தில் எழுதலாமா?
இதே மாதிரிக் கழுத்து நரம்புக் கட்டிகளை நீங்கள் எடுத்திருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். மயக்கத்தில் இருக்கும்போது உங்களைக் கேட்க முடியாது. ‘குரல் நரம்பை வெட்ட வேண்டிய நிலை வந்தால் கட்டியின் ஒரு பகுதியை விட்டுவிடுங்கள்’ என்று நீங்கள் சொல்லலாம். மருத்துவர் ஒத்துக்கொண்டால் அதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் அறுவைக்கு முன்பே செய்தாக வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுக் குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை அது. ஐந்து நிமிட வேலை. சிலருக்குக் கட்டி அழுத்தி ஒரு குரல்நாண் முன்பே நின்றுபோயிருக்கும், மற்றது மெதுவாக ஈடுகட்டியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. உங்களுக்கு அப்படி இருந்தால் அறுவையில் இழப்பதற்கு மிச்சம் குறைவு, கணக்கே மாறும்.

ஸ்கேன் நாளில்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். காலில் உள்ள பிளேட் எலும்போடு திருகப்பட்டிருப்பதால் பெரும்பாலும் தடையில்லை. ஆனாலும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப்போய் ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிடுங்கள். உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, வெல்டிங் வேலையில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். அரைஞாண் கயிறு, தாயத்து, வெள்ளிக் காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கையில் ஏற்றும் மருந்துக்காகச் சிறுநீரகத்தைச் சோதிக்க ஒரு கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் கேட்பார்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் குழாய்க்குள் படுத்திருக்க வேண்டும். தடதடவென்று சத்தம் கேட்கும், காதில் பஞ்சு கொடுப்பார்கள். படம் எடுக்கும் சமயம் எச்சில் விழுங்கினால் கழுத்துப் படம் மங்கும் என்பதால், சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் முன் உட்கார்ந்திருந்தால் நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த வாரம் குரல்நாண் பரிசோதனை. அடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பது. படம் வந்ததும் அவசரமில்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது. வேகஸ் என்று தெரிந்து, குரல் நன்றாகவும் இருந்தால் ஆறு மாதம் பொறுத்து மறுபடி ஒரு படம், வளர்ந்தால் அறுவை. சிம்பதெடிக் சங்கிலி என்றால் உங்கள் தொழிலுக்கு ஆபத்து குறைவு என்பதால் எடுத்துவிடுவதை நான் இன்னும் தாராளமாக யோசிப்பேன்.

எது எப்படியானாலும் இரண்டு காரியங்களை நாளையே செய்யுங்கள். ஏலத்தின்போது உங்கள் குரலை ஐந்து நிமிடம் ஃபோனில் பதிவுசெய்து வையுங்கள். பின்னால் குரல் மாறியதா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு மைக், ஸ்பீக்கர் ஒன்று வாங்கிப் பழகுங்கள். அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், நாலரை மணி நேரம் வெறும் தொண்டையில் கூவுவது குரல்நாணுக்குப் பெரும் பாரம்தான்.